பைத்தானில் ஆளிடம் கேட்டு வாங்குவது எப்படி?

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் திரையில் வணக்கம் போட வைப்பதையும் இரண்டு எண்ணைக் கூட்டுவதையும் சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை வைத்துக் கணக்குப் போடலாம் என்று வரும்போதுதான் முதல் தடவையாக மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் எளிது. அதுவரை நிரலில் இருந்ததெல்லாம் நாமே எழுதியது, இனிமேல் வருவது அடுத்தவர் தட்டுவது, அவர் என்ன தட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே விளக்கமே தேவைப்படாத கணக்கு ஒன்று உண்டு, செம்பனைக் குலை விற்ற கணக்கு. சொந்தமாக ரெண்டு மூணு ஏக்கர் வைத்திருப்பவர் குலையை லோரியில் ஏற்றி எடை போடுகிற இடத்துக்கு அனுப்புகிறார், சீட்டில் எடை கிலோவில் வருகிறது, தவுக்கே, அதாவது வாங்குகிற முதலாளி, விலை பேசுவது மட்டும் டன்னுக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று. எடையையும் விலையையும் கேட்டு, கைக்கு எவ்வளவு வரும் என்று சொல்கிற நிரல்தான் நாம் எழுதப் போவது.

பைத்தான் 3 வேண்டும். கணினி இருந்தால் தானி என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், பைத்தானும் சேர்ந்தே வரும். ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும்தான் என்றால் பைட்ராய்ட் 3 போதும். இணையத்திலேயே ஓட்டிப் பார்க்கிற தளங்களும் உண்டு, ஆனால் அவற்றில் சிலவற்றில் ஓட்டுவதற்கு முன்பே பதில்களைத் தனிப் பெட்டியில் எழுதி வைக்க வேண்டும், எழுதாவிட்டால் நிரல் பிழை காட்டி விழும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாத தலைவலி.

ஒரு விஷயம். பைத்தான் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்: இன்புட், பிரிண்ட், இன்ட், ஃபுளோட் இப்படி. நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். எடை, விலை மாதிரி நாம் வைக்கிற மாறிப் பெயர்களை அப்படியே தமிழில் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

முதலில் வெறுமனே கேட்டுப் பாருங்கள்

எடை = இன்புட்()
பிரிண்ட்(எடை)

ஓட்டினால் ஒன்றும் வராது. திரை காலியாக, ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். "அண்ணே, ஹேங் ஆயிருச்சு" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். ஹேங் ஆகவில்லை, நிரல் முதல் வரியில் நின்று காத்திருக்கிறது. கவுண்டரில் இருக்கிற கிராணி ஒன்றும் கேட்காமல் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. 1840 என்று தட்டி என்டர் அழுத்துங்கள், அடுத்த வரி ஓடி 1840 என்று காட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, என்டர் அழுத்தும் வரை நீங்கள் தட்டியது எதுவும் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை என்பது. நீங்கள் 1849 என்று தட்டி, பின்னால் போய் 9-ஐ அழித்து 0 போட்டாலும் அந்தத் திருத்தமெல்லாம் முனையத்தோடு, அதாவது நீங்கள் தட்டுகிற அந்தத் திரையோடு முடிந்துவிடும். என்டர் அழுத்தியதும் முழு வரியும் ஒரே துண்டாக வரும், என்டரின் அடையாளத்தை மட்டும் இன்புட் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தரும். ஒன்றும் தட்டாமல் என்டர் மட்டும் அழுத்தினால் பிழை வராது, காலிச் சரம், அதாவது ஓர் எழுத்தும் இல்லாத வரிசை வரும். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வியை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்:

எடை = இன்புட்("எடை (கிலோ): ")

கேள்வியின் கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பதில் கேள்வியோடு ஒட்டிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருக்கும். அப்புறம் அந்த "கிலோ". என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் இருக்கிற எந்தக் கட்டளையையும்விட அந்த ஒரு சொல்தான் முக்கியம். வெறும் "எடை" என்று கேட்டால் ஒருவர் 1840 என்பார், இன்னொருவர் டன் கணக்கில் 1.84 என்பார், இரண்டுமே சரியான பதில்தான். டன்னுக்கு 800 வெள்ளி என்றால் இரண்டாமவருக்கு உங்கள் நிரல் ஒன்றரை வெள்ளிகூடத் தேறாது என்று சொல்லும், அதில் எந்தப் பிழைச்செய்தியும் வராது.

வந்தது எண் இல்லை

விலையையும் கேட்டுப் பெருக்கலாம் என்று எல்லாரும் இப்படி எழுதுவார்கள்:

எடை = இன்புட்("எடை (கிலோ): ")
விலை = இன்புட்("விலை (டன்னுக்கு வெள்ளி): ")
பிரிண்ட்(எடை * விலை)

டைப்எர்ரர் என்று சிவப்பில் வந்து நிற்கும். இன்புட் எப்போதும் சரத்தைத்தான் தரும், அதாவது எழுத்துக்களின் வரிசையை. நீங்கள் 1840 தட்டினாலும் அதற்குத் தெரிந்தது ஒன்று, எட்டு, நான்கு, சுழியம் என்ற நான்கு எழுத்துக்கள், ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்ற அளவு அல்ல. சரத்தைச் சரத்தால் பெருக்க முடியாது என்று பைத்தான் மறுக்கிறது.

மறுத்தால் நல்லது, மறுக்காத இடங்கள்தான் ஆபத்து. எடை * 2 என்று எழுதிப் பாருங்கள், 3680 வராது, 18401840 வரும், ஏனென்றால் சரத்தை முழு எண்ணால் பெருக்கினால் அதைத் திரும்பத் திரும்ப எழுதுவது என்று பைத்தான் வைத்திருக்கிறது. ஒரு லோரி 1840, இன்னொரு லோரி 960, இரண்டையும் கூட்டினால் 1840960. எந்த லோரியில் சரக்கு அதிகம் என்று ஒப்பிட்டால் 960 கிலோதான் பெரிது என்று சாதிக்கும், சரங்களை முதல் எழுத்திலிருந்து அகராதி வரிசை மாதிரி ஒப்பிடும்போது 9 என்பது 1-க்குப் பிறகு வருகிறதல்லவா, அதனால். இந்த மூன்றிலும் நிரல் நிற்காமல் ஓடி முடியும், விடை மட்டும் தப்பு. சந்தேகம் வந்தால் பிரிண்ட்(ரெப்ர்(எடை)) என்று போட்டுப் பாருங்கள், சரமாக இருந்தால் மேற்கோள் குறியோடு காட்டும், முன்னும் பின்னும் ஒளிந்திருக்கிற இடைவெளியும் தெரியும்.

எண்ணாக மாற்றுவது இப்படி:

பதில் = இன்புட்("எடை (கிலோ): ")
எடை = ஃபுளோட்(பதில்)

இதை ஃபுளோட்(இன்புட்("...")) என்று ஒரே வரியில் எழுதலாம், இணையத்தில் பெரும்பாலும் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஆனாலும் ஆரம்பத்தில் இரண்டு வரியாகவே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். ஆள் தட்டியது ஒரு பெயரில், நாம் மாற்றியது இன்னொரு பெயரில் இருந்தால் எங்கே உடைந்தது என்று பார்க்க முடியும், தட்டியதைத் திரும்பக் காட்டவும் முடியும்.

இன்ட், ஃபுளோட் இரண்டில் எது? குலை எத்தனை, ஆட்கள் எத்தனை என்றால் இன்ட். எடை, விலை மாதிரி புள்ளி வரக்கூடியது என்றால் ஃபுளோட். இன்ட் கொஞ்சம் கறார், 1840.5 என்ற சரத்தைக் கொடுத்தால் புள்ளிக்குப் பின்னால் வெட்டிவிட்டு வாங்கிக்கொள்ளாது, வேல்யூஎர்ரர் என்று தூக்கிப் போடும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் இரண்டுமே கண்டுகொள்ளாது. 1,840 என்று காற்புள்ளி போட்டால் இரண்டுமே ஒத்துக்கொள்ளாது, ஆனால் சீட்டில் அச்சாகி வருவது அப்படியாக இருக்கலாம், ஆளும் பார்த்து அப்படியே தட்டுவார், அதற்கு வழி கீழே சொல்கிறேன். தமிழ் எண்களில் ௧௮௪௦ என்று தட்டினால்? வேலை செய்யும்! பைத்தான் அதை 1840 என்றே எடுத்துக்கொள்ளும். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் இருக்கிற ௰, ௱ குறிகளை மட்டும் ஏற்காது.

இப்போது கணக்கு:

தொகை = எடை / 1000 * விலை
பிரிண்ட்("கைக்கு வரும்:", ரவுண்ட்(தொகை, 2), "வெள்ளி")

1840 கிலோ, டன்னுக்கு 800 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 1472.0 வரும். ஃபுளோட் காசுக்கணக்குக்கு அவ்வளவு நம்பகமானது இல்லை, 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்று சொல்கிற ஆள் அது. பழகுகிற நிரலுக்குப் பரவாயில்லை. கடைக்கு பில் போடுகிற நிரல் என்றால் எல்லாவற்றையும் காசாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், ரொக்கமாக வாங்கினால் கடைசியில் 5 காசுக்கு முழுமைப்படுத்துவதையும் மறக்காதீர்கள், நம் நாட்டில் 2008 ஏப்ரலிலிருந்து அதுதானே வழக்கம்.

தப்பாகத் தட்டினால்?

தட்டுவார்கள். "1840 கிலோ" என்று சொல்லோடு தட்டுவார்கள், ஒன்றும் தட்டாமல் என்டர் அழுத்துவார்கள், எடைக்குப் பதில் லோரி நம்பரைத் தட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நிரல் சிவப்பு எழுத்தைக் கக்கிக்கொண்டு விழுந்தால் யாரும் அதைத் திரும்பத் தொடமாட்டார்கள். செய்ய வேண்டியது, சரியான பதில் வரும் வரை திரும்பக் கேட்பது. எடைக்கும் விலைக்கும் ஒரே வேலை என்பதால் அதை ஒரு செயற்கூறாகவே, அதாவது பெயர் வைத்து வேண்டியபோது கூப்பிடுகிற நிரல் துண்டாகவே எழுதிவிடலாம்:

டெஃப் எண்_கேள்(கேள்வி, குறைவு, உச்சம்):
    ஒயில் ட்ரூ:
        பதில் = இன்புட்(கேள்வி)
        பதில் = பதில்.ரிப்ளேஸ்(",", "")
        டிரை:
            எண் = ஃபுளோட்(பதில்)
        எக்செப்ட் வேல்யூஎர்ரர்:
            பிரிண்ட்("எண் மட்டும் எழுதுங்கள்.")
            கன்டினியூ
        இஃப் குறைவு <= எண் <= உச்சம்:
            ரிட்டர்ன் எண்
        பிரிண்ட்(குறைவு, "முதல்", உச்சம், "வரை இருக்க வேண்டும்.")

எடை = எண்_கேள்("எடை (கிலோ): ", 20, 20000)
விலை = எண்_கேள்("விலை (டன்னுக்கு வெள்ளி): ", 50, 3000)

ட்ரூவின் முதல் எழுத்து பெரிய எழுத்து, வேல்யூஎர்ரரில் வேல்யூ, எர்ரர் இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து. உள்ளே தள்ளி எழுதிய வரிகளை அதே அளவு தள்ளியே எழுதுங்கள், பைத்தானுக்கு அதுதான் இலக்கணம்.

வரி வரியாகப் பார்த்தால், டெஃப் என்பது செயற்கூறுக்குப் பெயர் வைக்கிற வரி. ஒயில் ட்ரூ என்பது முடிவில்லாமல் சுற்றும், வெளியே போக ஒரே வழி ரிட்டர்ன். ரிப்ளேஸ் வரி காற்புள்ளியை எடுத்துவிடுகிறது. டிரை என்பது முயன்று பார், எக்செப்ட் என்பது உடைந்தால் இதைச் செய். உடைந்தால் நாம் ஒரு வரி சொல்லிவிட்டு கன்டினியூ மூலம் மேலே போய்த் திரும்பக் கேட்கிறோம். டிரைக்குள் ஒரே ஒரு வரி மட்டும் இருப்பதைப் பாருங்கள். பழகுகிறவர்கள் நிரல் முழுவதையும் டிரைக்குள் தூக்கிப் போட்டுவிடுவார்கள், அப்புறம் வேறு எங்கோ இருக்கிற பிழைக்கும் "எண் மட்டும் எழுதுங்கள்" என்று வரும், ஆளும் எண்ணைத்தான் எழுதினேன் என்று சண்டைக்கு வருவார்.

எக்செப்ட் பக்கத்தில் வேல்யூஎர்ரர் என்ற பெயரை விட்டுவிட்டு வெறும் எக்செப்ட் போடாதீர்கள். நிரலை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்துவோம் இல்லையா, அதுவும் பைத்தானுக்குள் ஒரு பிழையாகத்தான் வருகிறது. இன்புட் வரியும் டிரைக்குள் இருந்தால், வெறும் எக்செப்ட் அதையும் பிடித்து விழுங்கிவிட்டு மறுபடி எடை கேட்கும். நிறுத்தவே முடியாமல் சன்னலை மூட வேண்டியதாகிவிடும்.

இரண்டு எல்லைகள் எதற்கு? கீழ் எல்லை, டன் கணக்கில் 1.84 தட்டுகிறவரைப் பிடிக்கும். விலையைக் கிலோ கணக்கில் 0.80 என்று தட்டுகிறவரையும் பிடிக்கும். மேல் எல்லை, கூட ஒரு சுழியம் தட்டியவரைப் பல நேரம் பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ஐ, என், எஃப் என்று மூன்று எழுத்தைத் தட்டினால் ஃபுளோட் அதை முடிவிலி என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும், பிழையே வராது. பூச்சியத்துக்கு மேலா என்று மட்டும் பார்த்தால் முடிவிலியும் உள்ளே வந்துவிடும். நான் போட்டிருக்கிற எல்லைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் லோரிக்கும் விலைக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

எண் மாதிரி தெரியும், எண் இல்லை

ஐசி (அடையாள அட்டை) நம்பர், கைப்பேசி நம்பர், அஞ்சல் குறியீடு இவற்றையெல்லாம் சரமாகவே விடுங்கள், இன்ட் போடாதீர்கள். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை, பிறகு எதற்கு மாற்றுவது? மாற்றினால் நஷ்டமும் உண்டு. மைகார்டு, அதாவது நம் ஐசியின் எண் 12 இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முதலில் வரும், அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக்குக்கு 08. 2007-இல் பிறந்த பிள்ளையின் எண் 07 என்று தொடங்கும், இன்ட் போட்டால் அந்த முன் சுழியம் காணாமல் போய் 11 இலக்கம் ஆகிவிடும். கைப்பேசி நம்பரிலும் இதே கதை. ஐசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்றால் ரிப்ளேஸ் போட்டு நடுக்கோடுகளை எடுத்துவிட்டு, லென் போட்டு நீளம் 12-ஆ என்றும், இஸ்டெசிமல் போட்டு எல்லாம் இலக்கம்தானா என்றும் பாருங்கள். பழகும்போது உண்மையான ஐசி எண்ணைத் தட்ட வேண்டாம், சும்மா ஒன்றைத் தட்டுங்கள்.

பெயர் கேட்கும்போது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகக் கேட்கிற பழக்கம் வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்து வருவது. நம் ஆட்களின் ஐசியில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று நடுவில் இருக்கும், குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரே கேள்வியாக "முழுப் பெயர்" என்று கேட்டு வாங்கி ஸ்டிரிப் போட்டு ஓர இடைவெளியை எடுத்துவிட்டால் போதும், சாய்கோடு வரக்கூடாது, புள்ளி வரக்கூடாது என்று சட்டம் போடாதீர்கள்.

தமிழில் தட்டும் பெயர்களை ஒப்பிடும்போது மட்டும் ஒரு சின்னச் சிக்கல். லென்("பெயர்") என்று கேட்டால் 3 வராது, 5 வரும், கொம்பையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணும். "கோபால்" என்பதில் உள்ள கோ சில விசைப்பலகைகளில் மெய்க்குப் பிறகு ஒரே குறியாக வரும், சிலவற்றில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைத்தானுக்கு வேறு வேறு. பெயரைத் தேடுகிற நிரல் எழுதினால் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் இருக்கிற நார்மலைஸ் மூலம் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

இன்னொரு லோரி உண்டா?

இந்த மாதிரிக் கேள்விக்கு ஒருவர் ஆம் என்பார், ஆமா என்பார், யா என்பார், எஸ் என்பார், ஓகே என்பார். எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சமாளிக்கலாம், எனக்கு அது பிடிக்காது. கைப்பேசியில் எண் தட்டிக்கொண்டிருக்கிற ஆள் இதற்காகத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ விசைப்பலகையை மாற்ற வேண்டும். எண்ணாகவே கேட்டுவிடுங்கள்:

பதில் = இன்புட்("இன்னொரு லோரி உண்டா? 1 = உண்டு, 2 = இல்லை: ").ஸ்டிரிப்()
இஃப் பதில் == "2":
    பிரிண்ட்("சரி, முடிந்தது.")

2-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பதைக் கவனியுங்கள். வெறும் 2 என்று எழுதினால் சரத்தையும் எண்ணையும் ஒப்பிடுகிறீர்கள், அது எப்போதும் பொய்தான், பைத்தான் ஒரு முனகல்கூட முனகாது.

பழைய காணொளிகளைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு: ரா_இன்புட் என்று யாராவது எழுதினால் அது பைத்தான் 2, அதற்கான ஆதரவு 2020 சனவரி 1-ஓடு முடிந்துவிட்டது, உங்கள் கணினியில் ஓடாது. அதைவிட மோசமானது எவால்(இன்புட்()) என்று எழுதுவது. எண்ணையும் அதுவே மாற்றிக்கொடுக்கிறதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் தட்டுகிற ஆள் எண்ணுக்குப் பதிலாக ஒரு பைத்தான் கட்டளையைத் தட்டினால் அதையும் ஓட்டிவிடும், கோப்பை அழிக்கிற கட்டளை உட்பட.

எழுதி முடித்ததும் சோதிக்க வேண்டும். காலியாக என்டர், ஒரு சொல், 1,840, -5, 1.84, 99999999 இத்தனையையும் தட்டிப் பார்த்துவிட்டு, நிரலே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்தக் கேள்வியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ அந்தக் கேள்வியை மாற்றி எழுதுங்கள்.

ஒவ்வொரு தடவையும் கையால் தட்டச் சலிப்பாக இருந்தால் பதில்களை வரிக்கு ஒன்றாக ஓர் உரைக் கோப்பில் எழுதி வைத்து, முனையத்தில் பைத்தான் என்ற சொல், உங்கள் நிரல் கோப்பின் பெயர், பிறகு < குறி, அதன் பிறகு பதில் கோப்பின் பெயர் என்று ஒரே வரியில் கொடுங்கள். இன்புட் விசைப்பலகைக்குப் பதிலாக அந்தக் கோப்பிலிருந்து வரி வரியாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் இதைக் கமாண்ட் பிராம்ப்டில் செய்யுங்கள், பவர்ஷெல் அந்தக் குறியை ஏற்காது. நடுவில் ஈஓஎஃப்எர்ரர் என்று வந்தால் நிரலில் கோளாறு என்று பயப்பட வேண்டாம், நிரல் கேட்ட கேள்விகளைவிடக் கோப்பில் வரிகள் குறைவாக இருக்கின்றன, எத்தனை குறைகிறதோ அத்தனையைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.